தீனாவின் ரத்தமும் நான் போட்ட உப்பும்

என் தம்பி தீனா கடலுக்கு அடியில் இரண்டு நிமிஷம் பத்து நொடி மூச்சுப் பிடிப்பான். தம்பி என்பதற்காகக் கூட்டிச் சொல்லவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, அவன் கூட்டாளி கோபாலின் வலை கடலடியில் கிடந்த பழைய நங்கூரத்தில் மாட்டிக்கொண்டது. அறுத்துவிடலாம் என்று மற்றவர்கள் சொல்ல, தீனா முங்கினான். கோபால் போனில் நேரம் பார்த்தான். வலை ஒரு கண்ணி அறுபடாமல் மேலே வந்தது. அவன் கரையேறியதும் அந்த நேரத்தை நான் தேதியோடு எழுதி வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் வலை எங்கே மாட்டினாலும் அதன் பிறகு தீனாவைத்தான் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கத்தில் அவனைப்போல் முங்குகிறவன் கிடையாது.

எனக்குப் பதினான்கு வயதில் அவன் பிறந்தான். நாற்பதாம் நாள் அம்மா இறந்துவிட்டார். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நைனா கடலுக்குப் போனால் வீட்டில் நானும் அவனும்தான். அவனுக்கு முதல் பல் முளைத்த நாள் எனக்குத் தெரியும். அம்மை போட்ட நாள் தெரியும். அவன் உடம்பில் எனக்குத் தெரியாத ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். பழவேற்காட்டில் ஜலாலுதீன் பாயின் ஐஸ் ஷெட்டில் பதினாறு வருஷமாக வேலை. இறாலும் மடவை மீனும் பெட்டி கட்டி வெளியூர் அனுப்புவோம். ஐஸை எவ்வளவு பொடியாக உடைக்க வேண்டும், அடியில் எத்தனை விரல்கடை, மேலே எத்தனை விரல்கடை என்பதெல்லாம் எனக்குக் கணக்கு உண்டு. சென்னையோடு நிற்கிற பெட்டிக்கு வெறும் ஐஸ். அதைத் தாண்டிப் போகிற பெட்டிக்கு ஐஸோடு கல்லுப்பு. உப்புச் சேர்ந்தால் குளிர் கூடும். மீன் கல் மாதிரி இறுகிப்போகும், எத்தனை மணி நேரமானாலும் தாங்கும். பதினாறு வருஷத்தில் இந்தத் தனக்கோடி கட்டிய பெட்டி ஒன்றுகூடக் கெட்டுத் திரும்பி வந்ததில்லை. பாய் எல்லாரிடமும் இதைச் சொல்வார். அவர் சொல்லும்போது கேட்காததுபோல் குனிந்து வேலை செய்வேன். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

போன பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் காலை தீனாவின் பெண்சாதி வைஷ்ணவி ஷெட்டுக்கே வந்துவிட்டாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. என்னை ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, அவருக்குக் கீழ ஒரு பக்கம் கல்லு மாதிரி கீது. விதையில. ஏழு மாசமா கீதாம். உங்ககிட்ட சொன்னா கடல்ல குதிச்சிடுவேன்னு மெரட்டறாரு."

"அவன் கடல்ல குதிச்சா இன்னா ஆவான்? மேல தான் வருவான்," என்றேன். சிரிப்பு வரவில்லை. அவளுக்கும்தான்.

அப்போதே நேராகக் கரைக்குப் போனேன். தீனாவும் கோபாலும் படகில் இருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி காலை அகட்டி நடப்பதை அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன்.

"பாருக்கா, ஒரு மாசமா இப்படித்தான் நடக்கிறான்," என்றான் கோபால். "இன்னாடா மச்சான், நண்டு கடிச்சிச்சான்னு கேட்டா அடிக்க வர்றான்."

"தீனா, துணி மாத்து. பொன்னேரிக்குப் போறோம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கோபால் முன்னாடி சொல்லட்டா?"

அவன் முகம் கறுத்துப்போனது. துணி மாற்றிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அக்காளிடம் சொல்ல வெட்கப்பட்டு ஒருவன் ஏழு மாசம் இருந்திருக்கிறான். நம் குப்பத்துப் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த இடத்தில் வலி இல்லாத கட்டி இருந்தால் பெண்சாதியிடமோ அம்மாவிடமோ அக்காளிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பொன்னேரியில் இருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். மார்ச் ஐந்தாம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத்து விதையை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் என்று சொன்னார்கள். கலப்பு வகை என்றார் டாக்டரம்மா.

அங்கேதான் மலீஹாவைப் பார்த்தோம். பழவேற்காட்டுப் பெண். ஜலாலுதீன் பாய்க்குத் தூரத்துச் சொந்தம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, அந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்து நடக்கிற ஓர் ஆராய்ச்சியில் ரத்தம் சேகரித்துச் சோதிக்கிற வேலையில் இருந்தாள். தினமும் பழவேற்காட்டில் இருந்தே போய்வருகிறாள். ஆபரேஷனுக்கு முன்னால் தீனாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஒரு டியூப் ரத்தம் எடுத்தாள். மூன்று வாரம் கழித்து இன்னொரு டியூப் வேண்டும் என்றாள்.

ஊர் திரும்பும்போது மூன்று பேரும் ஒரே ரயிலில் வந்தோம். தீனா ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"இந்த ரத்தத்துல இன்னாம்மா பாக்கற?" என்று கேட்டேன்.

"மைக்ரோ ஆர்என்ஏன்னு ஒண்ணுக்கா. ரொம்பச் சின்னத் துண்டு. நம்ம செல்லுக்குள்ள, இதச் செய், அதச் செய்னு சீட்டு போய்கினே இருக்கும். இந்தத் துண்டு அந்தச் சீட்டு மேல போய் ஒட்டிகினு, இன்னிக்கு வேணா, நிறுத்துன்னு சொல்லும். சொன்னா அந்த வேல நின்னுடும்."

பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதைப் பாடு என்போம். முறை இல்லாதவன் அன்றைக்கு வலையை இறக்கக் கூடாது.

"பாட்டுல, இன்னிக்கு உன் முறை இல்ல, வலையத் தூக்குன்னு சொல்ற மாதிரியா?"

"அதே தான்க்கா! நா இத எங்க சாருக்குச் சொல்றேன்," என்று சிரித்தாள். "நெஞ்சு வலி, சர்க்கரை, இன்னும் எத்தனையோ சீக்குல இந்தத் துண்டுங்க ஏறுது, எறங்குது. புத்துநோய்ல சிலருக்கு, நிறுத்துன்னு சொல்றது காணாமப் போயிடும். அப்போ செல்லு கேக்க ஆளில்லாம பெருகும். சிலருக்கு வேண்டாதது ஒண்ணு கெளம்பிடும். அண்ணாவுக்கு வந்தது அந்த வகை. தாய் வயித்துல கருவா இருக்கும்போது மட்டும் வேல செய்ற துண்டு அது. அதுக்கப்புறம் அடங்கிடணும். இந்த வகைக் கட்டியில அது திரும்ப முழிச்சிகினு ரத்தத்துல கலந்து வரும். கட்டிய எடுத்துட்டா ரெண்டு மூணு நாள்ல ரத்தத்துல இல்லாமப் போயிடணும். போகலன்னா, எங்கியோ இன்னும் கீதுன்னு அர்த்தம்."

கருவில் இருந்தது என்று அவள் சொன்னதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அந்த வயிற்றுக்குள் இருந்தபோது எது வேலை செய்ததோ அதுவே இருபத்தெட்டு வருஷம் கழித்து எழுந்து இவனைத் தின்கிறதா என்று நினைத்தேன்.

தீனா கண்ணைத் திறக்காமலே கேட்டான். "அந்தத் துண்ட அடக்கறதுக்கு மருந்து இல்லயா பாப்பா?"

"முயற்சி பண்றாங்கண்ணா. காணாமப் போனதத் திரும்பக் குடுக்கறது, கெளம்பினத அடைக்கறது, ரெண்டும். வேற வகைப் புத்துக்கு ஒண்ண மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்து, ஒடம்பு தாங்காம நிறுத்திட்டாங்க. இன்னும் கைக்கு வர்ல."

"வந்தா சொல்லு. மொதப் பாடு எனக்கு."

மூன்றாவது வாரம் எடுத்த ஸ்கேனில், வயிற்றின் பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டி ஒரு நெறிக்கட்டி தெரிந்தது. பட்டாணி அளவு. டாக்டரம்மா படத்தைக் காட்டினார்.

"இது நோயாவும் இருக்கலாம், சும்மா வீங்கினதாவும் இருக்கலாம். வழக்கமான ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியா இருக்கு. அதனால ஏழு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம். மலீஹா செய்யறது ஆராய்ச்சி. அத மட்டும் வெச்சு நான் மருந்து குடுக்க மாட்டேன். ஆனா அதுவும் ஏறியிருந்தா நான் ஏழு வாரம் காத்திருக்க மாட்டேன்."

"மருந்துன்னா இன்னா மேடம் பண்ணும்?" என்றான் தீனா.

"முடி கொட்டும், வாந்தி வரும், சரியாயிடும். அதுல ஒரு மருந்து மட்டும் சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கும்."

தீனா என்னைப் பார்த்தான். வாசலுக்கு வந்த பிறகு, "மூச்சு போச்சுன்னா நா இன்னாக்கா வேல செய்றது?" என்றான். எனக்கோ அந்தப் பட்டாணிக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிய வேண்டும். மலீஹாவின் டியூப்தான் அதைச் சொல்லும் என்று பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சில நாளில், டியூப் எடுக்க வேண்டிய அன்று, தீனாவின் தையல் சீழ் வைத்துவிட்டது. சென்னை வரைக்கும் உட்கார்ந்து போக அவனால் முடியாது. மலீஹா தன் சாரிடம் கேட்டு, பழவேற்காடு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ரத்தம் எடுக்க, நான் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தாள். அவள் காலையிலேயே சென்னை போய்விட்டிருந்தாள். போனில் பேசினாள்.

"நாலு மணி நேரத்துக்குள்ள வந்துடணும்க்கா. ஐஸ் டப்பால ஜில்லுன்னு வெச்சு எடுத்துட்டு வாங்க. உங்களுக்கு நா சொல்லணுமா, ஐஸ் உங்க வேல."

ஆமாம், என் வேலைதான். ஷெட்டுக்குப் போய்ச் சின்ன தெர்மாகோல் பெட்டி ஒன்றைப் பினாயில் போட்டுக் கழுவித் துடைத்தேன். ஐஸை மாவு மாதிரி பொடித்தேன். மார்ச் மாதத்து வெயில். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில், பிறகு ஆட்டோ. போகிறது மடவை இல்லை, என் தம்பியின் ரத்தம். தூரத்துப் பெட்டிக்குச் செய்வதைத்தான் செய்தேன். இரண்டு கை கல்லுப்பை அள்ளி ஐஸில் கலந்தேன். டியூபைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி நடுவில் புதைத்தேன். மேலே மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது; மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே கசியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா என்ன என்று கேட்டதற்கு, "தம்பிக்கு ரிசல்ட்டு," என்றேன்.

மூன்று மணி நேரம் பத்து நிமிஷத்தில் மலீஹா கையில் கொடுத்தேன். அவள் டேப்பை அறுத்து டியூபை வெளியே எடுத்தாள். டியூபைச் சாய்த்தாள். உள்ளே ரத்தம் அசையவில்லை. சிவப்புக் குச்சி ஐஸ் மாதிரி இறுகிப்போயிருந்தது.

"அக்கா, ஐஸ்ல இன்னா போட்டீங்க?"

"உப்பு."

அவள் அதைக் கரையவைத்து மெஷினில் போட்டுச் சுற்றினாள். நல்ல ரத்தமாக இருந்தால் மேலே தெளிந்து நிற்கிற நீர் இளம் மஞ்சளாக இருக்குமாம். இதில் செம்பருத்திப் பூவை ஊறவைத்த தண்ணீர் மாதிரி முழுக்கச் சிவப்பு.

"சும்மா ஐஸ்னா ஜில்லுனு மட்டும் இருந்திருக்கும்க்கா. உப்புப் போட்டதால ரத்தமே ஒறஞ்சிடுச்சு. செவப்பணு எல்லாம் வெடிச்சிடுச்சு. அதுக்குள்ள இருந்த துண்டுங்க எல்லாம் வெளிய கொட்டி ஒண்ணாக் கலந்துடுச்சு. இத வெச்சு நோய் கீதா இல்லயான்னு சொல்லவே முடியாது." அவள் கண் கலங்கியிருந்தது. "நா தெளிவாச் சொல்லாம விட்டதும் தப்பு. ஒண்ணும் கெட்டுடல. புண்ணு ஆறினதும் அடுத்த வாரம் அண்ணாவக் கூட்டினு வாங்க, நானே எடுத்துக்கறேன்."

ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அது முடியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

வீட்டுக்கு வந்தபோது தீனா, வைஷ்ணவி, கோபால், நைனா நான்கு பேரும் வாசலில் இருந்தார்கள். "இன்னாச்சுக்கா?" என்றான் தீனா. உப்புப் போட்டுக் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவும் கோபால் இருக்கும்போது. நாளைக்கு ஷெட்டுக்குத் தெரியும், பாய்க்குத் தெரியும்.

"லேப்ல கெட்டுப்போச்சாம்டா. மெஷின்ல ஏதோ. இன்னொரு வாட்டி கேக்கறாங்க."

"தோ! நா சொல்லல?" என்று தீனா தொடையில் தட்டினான். அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்ததைப் பார்த்தேன். "ஒரு ரத்தத்த ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல, இவங்க என் வயித்துல பட்டாணி கீது, வேர்க்கடல கீதுன்னு சொல்வாங்க. நா நம்பிகினு மூச்ச விட்டுக் குடுக்கணும்."

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. புண் ஆறிவிட்டது. ஏப்ரல் பாதியில் தடைக்காலம் தொடங்கியது. அந்த இரண்டு மாசமும் பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுக்காரர்களுக்கு அதுதான் சம்பாதிக்கிற நாள். தீனா கடலுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று போவேன். மீன் இறக்கிக்கொண்டிருப்பான், சிரித்துக்கொண்டிருப்பான். நன்றாகத்தானே இருக்கிறான் என்று திரும்பி வந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலீஹாவே பாலம் தாண்டிக் குப்பத்துக்கு வந்தாள். ரத்தம் எடுக்கிற சாமான் எல்லாம் பையில் கொண்டுவந்திருந்தாள். கரையில் எல்லார் முன்னாலும் தீனா அவளைப் பிடித்துக்கொண்டான்.

"வாம்மா, மெஷின் ரிப்பேர் பண்ணிட்டீங்களா? எங்கக்கா கட்டின ஐஸுமா அது. பதினாறு வருஷமா ஒரு எறா கெட்டதில்ல. அதையே கெடுத்துட்டீங்களே, நீங்கல்லாம் இன்னா படிச்சீங்க?"

கோபால் சிரித்தான். மலீஹா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். நான் வலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாண்ணா, எங்க தப்புதான்," என்றாள். "இந்த வாட்டி ஒழுங்காப் பாத்துக்கறோம். ஒரே ஒரு டியூப் குடுங்க."

"ரத்தம் வேணும்னா அந்தச் சுறாகிட்ட எடுத்துக்கோ, நல்லா செவப்பா கீது," என்று மணலில் கிடந்த சுறாவைக் காட்டிவிட்டு அவன் போய்விட்டான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பாலம் வரை வெயிலில் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். "பரவால்லக்கா, அவர எப்படியாவது ஸ்கேனுக்கு மட்டும் அனுப்பிடுங்க," என்றாள். என்னை ஒரு வார்த்தை குத்தவில்லை. குத்தியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஏழாவது வாரத்து ஸ்கேனுக்கும் அவன் போகவில்லை. ஜூன் எட்டாம் தேதி காலை, கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் முதுகைப் பிடித்துக்கொண்டு படகுக்குள்ளேயே விழுந்துவிட்டான். கோபால் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான். ஒரு வாரமாக முதுகு வலிக்கு வைஷ்ணவி தைலம் தேய்த்துவந்திருக்கிறாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் இந்தத் தடவை சத்தியமே வாங்கியிருக்கிறான்.

ஸ்கேனில் பட்டாணி எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு. டாக்டரம்மா அன்றைக்கே சேரச் சொன்னார். மூன்று சுற்று மருந்து என்றார்.

தீனா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அசைய மாட்டேன் என்றான். "இந்த ஸ்கேன் மட்டும் சரின்னு யாரு சொன்னது? அன்னிக்கு ரத்தத்தக் கெடுத்தவங்கதானே? நா மருந்து ஏத்திக்க மாட்டேன். முதுகு புடிச்சிகினு கீது, அவ்ளோதான்."

வைஷ்ணவி அவன் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் எதிரில் போய் நின்றேன்.

"லேப்ல கெடலடா. நாந்தான் கெடுத்தேன்."

"இன்னா?"

"உப்புப் போட்டேன். ஐஸ்ல. ரத்தம் ஒறஞ்சு வெடிச்சிடுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே கெடயாது. வெக்கப்பட்டுகினு உங்கிட்ட பொய் சொன்னேன்."

அவன் என்னையே பார்த்தான். பெஞ்சில் இருந்து முன்னால் சாய்ந்து கேட்டான்.

"எவ்ளோ உப்பு?"

"ரெண்டு கை. மேல கொஞ்சம்."

"பெங்களூரு பெட்டிக்குப் போட்ற அளவு."

"ஆமா."

அவன் சிரித்தான். முதுகைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல் வளைந்து வளைந்து சிரித்தான். அந்தப் பக்கம் போன நர்ஸ் நின்று பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்தப் பொண்ண ஊரு முன்னாடி நிக்க வெச்சு அவ்ளோ பேசினேன். நீ நின்னுகினு கேட்டுகினு இருந்தியேக்கா."

"ஆமாடா, நின்னுகினுதான் இருந்தேன்," என்றேன்.

"நா ஏழு மாசம் மறைச்சேன். நீ பத்து வாரம் மறைச்ச. நல்ல குடும்பம்," என்றான். பிறகு வைஷ்ணவியிடம், "அவளக் கூப்புடு," என்றான்.

மலீஹா வந்தாள். அவன் சட்டைக் கையை மடக்கி நீட்டினான். "மன்னிச்சிக்கோ பாப்பா" என்று மட்டும் சொன்னான். அவள் ரத்தம் எடுத்துத் தன் டப்பாவில் வைத்தாள். அதில் உப்பு இல்லை; ரத்தம் ஐஸில் நேராகப் படவும் இல்லை. மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: கருவில் அடங்கியிருக்க வேண்டிய அந்தத் துண்டு, கட்டியை எடுப்பதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாக இருக்கிறது.

டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். "மேடம், மார்ச்லயே தெரிஞ்சிருந்தா?"

அவர் மார்ச் மாத ஸ்கேன் படத்தை எடுத்துப் பார்த்தார். "அப்ப சின்னதா இருந்தது. ஒரு ஆபரேஷனோட, இந்த மருந்தே இல்லாம முடிஞ்சிருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம். உறுதியா யாராலயும் சொல்ல முடியாதும்மா." நான் அழுவேன் என்று நினைத்து டிஷ்யூவை நகர்த்தி வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. முடிஞ்சிருக்கலாம் என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்தேன்.

மூன்று சுற்று. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அறுபத்திரண்டு கிலோ இருந்தவன் நாற்பத்தொன்பது ஆனான். முடி, புருவம் எல்லாம் போனது. இரண்டாவது சுற்றிலேயே வறட்டு இருமல் வந்தது. மூன்றாவது சுற்றில் அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியும் இருமல் போகவில்லை. வார்டில் இருந்து கழிப்பறைக்கு இருபத்திரண்டு தப்படி; நடுவில் ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "எழுதிக்கோக்கா, தேதி போட்டு," என்பான்.

செப்டம்பரில் கடைசி டியூப். இந்த முறை பழவேற்காட்டில் எடுத்து நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டேன். மலீஹா சரி என்றாள். தண்ணீர் கலந்த ஐஸ், உள்ளே டப்பா, டப்பாவுக்குள் துணி, துணிக்குள் டியூப், பக்கத்தில் வெப்பம் காட்டுகிற கருவி. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்துக்கொண்டே போனேன். நான்கு டிகிரி, ஐந்து டிகிரி.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "அக்கா, ஒண்ணுமே தெரியல. அந்தத் துண்டு ரத்தத்துல இல்ல."

"டியூப் நல்லா இருந்துச்சா?"

"அக்கா, இல்லன்னு சொல்றேன். நல்ல சேதி."

"கெட்டுப்போனதால தெரியலியா, இல்லாததால தெரியலியா? அதச் சொல்லு மொதல்ல. தண்ணி மஞ்சளா இருந்துச்சா?"

"மஞ்சளா இருந்துச்சுக்கா. பளிச்சுனு மஞ்சளா இருந்துச்சு." நான் இன்னும் இரண்டு முறை கேட்டேன்.

ஆனால் அது முடிவில்லை. மருந்துக்குப் பிறகும் முதுகெலும்பு ஓரத்தில் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒன்று மிச்சம் இருக்கிறது. செத்த தசையாக இருக்கலாம். இல்லை, இந்தக் கலப்பு வகையில் ஒரு ரகம் உண்டு. மருந்துக்கும் சாகாது, மலீஹாவின் சோதனைக்கும் தெரியாது. விட்டுவைத்தால் பிறகு வளரும். அதனால் வயிற்றைத் திறந்து எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. அதற்கு ஆறேழு மணி நேரம் மயக்கத்தில் இருக்க வேண்டும். மயக்க டாக்டர் தீனாவை ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். "இந்த நுரையீரலுக்கு நான் மயக்கம் குடுத்தா திரும்ப எழுப்ப முடியுமான்னு தெரியல," என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். மூன்று வாரம் தருகிறேன், மூச்சைத் தேற்றிக்கொண்டு வா என்றார்.

கையில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் மூன்று அறை, அறைக்கு ஓர் உருண்டை. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் உருண்டைகள் மேலே ஏற வேண்டும். மூன்றாவது உருண்டை ஏறி மூன்று நொடி நிற்க வேண்டும்.

தினமும் காலையும் சாயங்காலமும் நான் போய் எதிரில் உட்காருகிறேன். முதல் நாள் ஓர் உருண்டை ஏறியது. பன்னிரண்டாம் நாள் இரண்டாவது ஏறியது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. வைஷ்ணவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபால் தினமும் வருகிறான். "மச்சான், அதுக்கு அடியில வலை மாட்டிகினு கீதுன்னு நெனச்சுக்கோ," என்கிறான். தீனா சிரிக்கப்போய் இருமுகிறான். இருமல் அடங்க ஐந்து நிமிஷமாகிறது.

நேற்று பத்தொன்பதாம் நாள். இரண்டாவது உருண்டை ஏறி இரண்டு நொடி நின்றது. மூன்றாவது அடியிலேயே லேசாக ஆடியது. நான் பார்த்தேன். அவன் குழாயை வாயிலிருந்து எடுத்து, "ஏறிச்சா?" என்று கேட்டான். ஏறியது என்று சொல்ல வாய் வந்தது.

"ஏறலடா. ஆடிச்சு. அவ்ளோதான்," என்றேன்.

"சரி," என்று மறுபடி குழாயை வாயில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை மயக்க டாக்டர் பார்க்கிறார்.